தென்னேரியில் ஒரு டின் பெட்ரோல்

1

இந்தக் கதை எனக்கு வாலாஜாபாத் பஸ்ஸில் கிடைத்தது, கண்ணுகளா. முன் சீட்டில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினால்தான் பெட்ரோல் மிச்சமாகும் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் விடவில்லை. "அது ரோட்டுலங்க. படகுக்குப் பின்னாடி ஆளைக் கட்டி இழுக்கறாங்களே விளையாட்டுக்கு, அதுல மெதுவாவும் இல்லாம வேகமாவும் இல்லாம நடுவுல போனாத்தான் ரொம்பக் குடிக்குதாம்." எங்கே படித்தாளோ. அவன் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை போய் மிச்சத்தையும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். திரும்பி நடந்து வரும்போது வழியில் வலப்பக்கம் தென்னேரி. ஏரியில் தண்ணீர் இருந்தது, படகு மட்டும் இல்லை. அந்த ஒரு குறையைத் தீர்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுத்துக்கூட்டி நானாகவே கற்றுக்கொண்ட எழுத்து இது. அதனால் ஆரம்பம் எனக்கு எப்போதும் தடுக்கும். பாருங்கள்:

தென்னேரி ஏரி கடலைப் போல விரிந்து கிடந்தது. அதன்—

(வேண்டாம். தென்னேரிக்காரர்கள் கடலைப் பார்த்தால் 'நம்ம ஏரியாட்டம் இருக்குது' என்பார்கள். அவர்களிடம் போய் இந்த வரியைப் படிக்க முடியாது.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் காணும் பொங்கலன்று காலை, ஜெயம்மாள் என்னும் பெண்—

(பத்திரம் எழுதுகிற மாதிரி இருக்கிறது. அடுத்தது கிழக்கே எல்லை, மேற்கே எல்லை என்று வந்துவிடும்.)

சரி. காலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

ஜெயம்மாளின் கால் ஓயாத கால்.

வாலாஜாபாத் ரைஸ் மில்லில் அவளுக்குக் களத்து வேலை. அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டுவார்கள். அதைக் காலாலேயே கிளறிவிட வேண்டும். பாதத்தைத் தூக்காமல், உழுகிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. திரும்பி மறுபடி. மேலே வெயில், கீழே நெல்லின் சூடு. நடந்துகொண்டே இருந்தாலும் எங்கேயும் போய்ச் சேராத நடை அது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு அவள் தென்னேரித் தண்ணீர் மேல் நிற்பாள்.

மில் முதலாளி பெரியநாயகி அம்மாள் மெட்ராஸிலிருந்து ஒரு மோட்டார் படகு வாங்கி வந்திருந்தாள். நடுவில் ஸ்டீயரிங், பின்னால் மோட்டார், அதற்கு டின்னிலிருந்து பெட்ரோல் உறிஞ்ச ஒரு ரப்பர் குழாய். படகுக்குப் பின்னால் கயிறு. கயிற்று நுனியில் கட்டை. கட்டையைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் ஏறி நிற்க வேண்டும்.* லாரி டிரைவர் சாமுவேல் ஓட்டுவான். முதலில் மில் ஆட்கள் எல்லோரும் ஏறிப் பார்த்தார்கள். எல்லோரும் விழுந்தார்கள். ஜெயம்மாளும் விழுந்தாள். ஆனால் அவள்தான் திரும்பத் திரும்ப ஏறினாள். மூன்றாம் ஞாயிறு, புடவையைக் கீழ்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, நெல்லில் ஊன்றுகிற அதே பாதத்தைப் பலகையில் ஊன்றி நின்றுவிட்டாள்.

"எப்படிம்மா இருக்குது?" என்று கரையில் கேட்டார்கள்.

"களத்துல நான் நடந்தாத்தான் நெல்லு காயும். இங்க நான் சும்மா நிக்கிறேன், ஊரு ஓடுது" என்றாள்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆபத்து வந்தது. பெட்ரோல் விலை ஏறிய வருஷம் அது. ஜீப்புக்கு ஊற்றவே பங்க்கில் மூக்கால் அழுதார்கள். பெரியநாயகி அம்மாள் களத்து ஓரத்தில் நின்று ஒரே வார்த்தையாகச் சொன்னாள்:

"காணும் பொங்கலன்னிக்கு ஒரு டின்னு ஊத்துவேன். இந்தக் கோடி கலங்கல்ல கிளம்பி, அந்தக் கோடி மதகைச் சுத்திக்கினு, ஜெயாவை இழுத்துக்கினே திரும்பி வந்து சேரணும். நடுவுல நின்னுச்சு, மோட்டாரைக் கழட்டி வித்துடுவேன். ஏரிக்குப் பெட்ரோல் ஊத்தி வளர்க்க நானு இன்னா ஜமீனா?"

ஜெயம்மாள் நெல்லுக்குள் நின்றபடி கேட்டாள். பாதம் சுட்டதும்தான், தான் நின்றுவிட்டது அவளுக்கே தெரிந்தது.

* பலகை பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்து கொடுத்தவர் காஞ்சிபுரத்தில் தறி செய்கிற ஆசாரி. 'இதுல எத்தினி முழம் நெய்வீங்க?' என்று கேட்டாராம். தண்ணீரில் நிற்பதற்கு என்றதும், இரண்டு நாள் இழைக்காமல் வைத்திருந்து, யாரோ கேலி செய்கிறார்கள் என்று முடிவு கட்டி, பிறகு இழைத்துக் கொடுத்தாராம். இது கதைக்குத் தேவையில்லைதான். ஆனால் ஆசாரியை விட எனக்கு மனம் வரவில்லை.

3

சாமுவேலை நான் முதலில் கெட்டவனாக எழுதினேன். பெட்ரோலைத் திருடி விற்கிறவனாக. எழுதி முடித்துப் படித்தால் அவன் என் முகத்தைப் பார்த்து, "ஏன்க்கா, நான் உனக்கு இன்னா பண்ணேன்?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

உண்மையில் சாமுவேலின் குற்றம் வேறு. அவன் சிக்கனக்காரன். பாலாற்றுப் பாலத்து இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு, லாரியை உருட்டிக்கொண்டே மில் வாசல் வரை வந்து நிறுத்துவான். ஊரில் எந்த லாரியும் அவன் லாரியைவிடக் குறைவாகக் குடித்ததில்லை. அது அவனுக்குப் பட்டம் மாதிரி. 'மெதுவா போ, மிச்சம் பண்ணு' என்பது அவன் வேதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்கிற வேதத்துக்கு அடுத்தபடி.

அந்த வேதத்தை அவன் தண்ணீரிலும் ஓதினான். மோட்டாரைப் பாதிக்கு மேல் திருகவே மாட்டான். ஒத்திகை ஓட்டங்களில் எல்லாம் அம்மாள் அளந்து ஊற்றிய டின் நடு ஏரியில் காலியானது. மூங்கிலால் துழாவிக்கொண்டு கரைக்கு வருவார்கள்.

"அண்ணே, கொஞ்சம் வேகமாத்தான் போயேன். இழுவை தாங்கல, தோளு கழண்டு வருது."

"வேகமாப் போனா கால்வாசி வழியிலயே நின்னுடும்மா. இதுக்கே குடிக்குது பாரு, கல்யாண வீட்டு மாமனாட்டம்."

"அப்ப இன்னும் மெதுவாப் போனா?"

"இன்னும் மெதுவாப் போனா நீ முழுவிடுவே."

அவன் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அவள் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. காணும் பொங்கல் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

4

வந்தும் விட்டது.

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஓய்ந்த நாள். நெசவுக் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு பஸ் ஏறி ஏரிக்கரைக்கு வந்திருந்தன. வர்ணம் பூசிய கொம்புகளோடு மாடுகள் புளியமரத்தடியில் அசை போட்டுக்கொண்டிருந்தன. கோலி சோடா விற்கிற பரமசிவம் ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கல் மேட்டிலேயே கடை போட்டுவிட்டான். அவனுக்கு வியாபாரத்தைவிட வாய் பெரிசு.

"இன்னா ஜெயம்மா, மதகுக்கா? பஸ்ஸு இருக்குதே!"

"உன் சோடாவைக் குடிச்சிட்டு பஸ்ஸுல போனா வழியெல்லாம் ஏப்பம் வரும். அதான் தண்ணியில போறேன்."

கரை சிரித்தது. ஜெயம்மாள் சிரிக்கவில்லை. அவள் கண் டின் மேல் இருந்தது.

பெரியநாயகி அம்மாள் வந்தாள். நல்ல ஆகிருதி. அவள் ஏறினால் ஜீப்பே ஒரு பக்கம் சாய்ந்து கும்பிடு போடும். கறுப்புக் குடையை விரித்தபடி படகில் கால் வைத்து, வழக்கம்போல் பின் பலகையில் மோட்டாரை ஒட்டி உட்கார்ந்தாள். டின்னை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். முதலாளி பின்னால், டிரைவர் முன்னால். ஜீப்பில் அப்படித்தான், வாடகைக் காரில் அப்படித்தான். படகுக்கு மட்டும் தனிச் சட்டமா?

சாமுவேல் சிலுவைக் குறி போட்டு மோட்டாரை இழுத்தான். கிளம்பியது.

பலகை மேலே எழும்பவில்லை. முட்டி வரை தண்ணீர். ஜெயம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஈர நெல்லில், குவியல் குவியலாக விழுந்த நெல்லில், கால் புதைகிற மாதிரி இருந்தது. கயிறு அவளை இழுக்கிறதா, அவள் படகை இழுக்கிறாளா என்றே தெரியவில்லை. மோட்டார் உறுமியது. தண்ணீர் மலையாகக் கிளம்பியது. தூரம் மட்டும் கிளம்பவில்லை. அம்மாள் டின்னை ஆட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

அப்போதுதான் ஜெயம்மாள் படகின் மூக்கைக் கவனித்தாள். அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் தண்ணீருக்குள் புதைந்து கிடந்தது. இந்தக் கோலத்தை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். ஏரியில் இல்லை. ரோட்டில். மில் வாசலில். மூட்டையை எல்லாம் பின்னால் அடுக்கிவிட்டு நிற்கிற—

"அண்ணே!" என்று கத்தினாள். மோட்டார் சத்தத்தில் காற்றுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஆகவே கயிற்றை விட்டுவிட்டாள்.

கரை முழுக்க "ஐயய்யோ" என்றது. படகு வட்டமடித்து வந்தது. கழுத்தளவு தண்ணீரில் பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தாள் ஜெயம்மாள்.

"ஏன்டி வுட்டே? கை நழுவிச்சா?"

"இல்லம்மா. வேணும்னுதான் வுட்டேன்."

"வேணும்னா! டின்னு பாதி காலி, இவ வேணும்னு வுடறாளாம்!"

"கோச்சுக்காதீங்கம்மா. படகு மூக்கைப் பாருங்க. வானத்துல நாமம் போட்டுக்கினு போவுது. இது பின்பாரம்மா."

சாமுவேல் திரும்பினான். "படகுல ஏதும்மா பாரம்? நெல்லு மூட்டையா ஏத்தியிருக்கறோம்?"

ஜெயம்மாள் தண்ணீரையே பார்த்தாள். சாமுவேலும் சட்டென்று தண்ணீரையே பார்க்க ஆரம்பித்தான்.

பெரியநாயகி அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னையாடி சொல்றே?"

"நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

5

இங்கே கதை நின்றுவிட்டது, கண்ணுகளா. படகோடு சேர்ந்து.

பின்பாரம் என்றால் உங்களில் மாட்டு வண்டி ஏறாதவர்களுக்குத் தெரியாது. வண்டியில் பாரமெல்லாம் பின்னால் ஏறிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மாடு உயிரைக் கொடுத்து இழுக்கும், வண்டி நகராது. வண்டிக்காரன் இறங்கி இரண்டு மூட்டையை முன்னால் தள்ளுவான். அவ்வளவுதான், மாடு தானாக நடக்கும். பெரியநாயகி அம்மாளுக்கு இது தெரியாதா? உழவுக் குடும்பத்துப் பெண். தாவணி வயசில் தானே வண்டி ஓட்டியவள்.

தெரியும். ஆனால் முன்னால் போய் உட்காருவாளா? டிரைவருக்கு முன்னால், ஊர் பார்க்க? மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கரைக்கு விடுடா" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன். அவள் என் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை.

நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது. என் கதையும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் போய்க்கொண்டிருக்கிறது! ஒரு விஷயத்தை உங்களிடமிருந்து மறைத்து, கடைசிப் பக்கத்தில் சொல்லி உங்கள் கண்ணை நனைக்கலாம் என்று பின்னால் ஏற்றி வைத்திருந்தேன். பின்பாரம் என்னிடமும் இருந்தது. இதோ, அதைத் தூக்கி முன்னால் வைக்கிறேன்:

பெரியநாயகி அம்மாள் படகு வாங்கியது ஏன் தெரியுமா? புருஷன் போன பிறகு அவள் சிரித்ததே இல்லை. மில்லைக் கட்டிக் காக்கிறவள் சிரித்தால் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லி, அதையே பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை மெட்ராஸில், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு துரை மாதிரி ஆள் படகுக்குப் பின்னால் விறைப்பாக நின்று வருவதைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக் கையசைத்தார். அசைத்த கையோடு தலைகுப்புற விழுந்தார். பெரியநாயகி அம்மாள் சிரித்துவிட்டாள். பட்டுப்புடவையோடு மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் விலை கொடுத்து வாங்கித் தென்னேரிக்குக் கொண்டுவந்தாள்.

இப்போது பாருங்கள், நகரும்.

6

"நான் டிரைவருக்கு முன்னால போய்க் குந்தணுமா?" என்றாள் பெரியநாயகி அம்மாள். "ஊரு சிரிக்காது?"

"ஊரு எப்பவோ சிரிக்க ஆரம்பிச்சிடுச்சும்மா" என்ற சாமுவேல் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அம்மாள் குடையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாளின் தோள் குலுங்கியது. குடை குலுங்கியது. படகே குலுங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பின்பாரமாம்! என்னைப் பார்த்து மூட்டைன்றா, களத்துல நெல்லு கிளறவ!" சிரித்தபடியே எழுந்து, சாமுவேலின் தலையைப் பிடித்துக்கொண்டு, அவனைத் தாண்டி முன் மூக்குக்குப் போய்ப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். வானத்தில் இருந்த மூக்கு இறங்கித் தண்ணீரைத் தொட்டது.

ஜெயம்மாள் கயிற்றைப் பிடித்துப் பலகையில் கால் ஊன்றினாள்.

"மெதுவாப் போறேம்மா" என்றான் சாமுவேல்.

"மெதுவாவா? நான் இங்க குந்தியிருக்கிறதை ஒவ்வொருத்தனும் உத்துப் பாக்கவா? எவன் கண்ணுலயும் படறதுக்குள்ள போயிடணும். அமுக்குடா!"

"பெட்ரோலும்மா..."

"இங்க மானம் போவுது, இவன் பெட்ரோலப் பேசறான்! அமுக்கு!"

சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கடைசி வரை திருகினான்.

மோட்டார் அலறியது, கயிறு விண்ணென்று இறுகியது, ஜெயம்மாளின் தோளை யாரோ பிடுங்கியது மாதிரி இருந்தது, தண்ணீர் முட்டியிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது, கணுக்காலிலிருந்து பாதத்துக்கு, பிறகு பாதத்திலும் இல்லை, பலகை தண்ணீர் மேல் ஏறிவிட்டது, படகும் ஏறிவிட்டது, உழுதுகொண்டிருந்தது வழுக்க ஆரம்பித்தது, காய்ந்த நெல், நன்றாகக் காய்ந்த நெல், காலுக்கடியில் கலகலவென்று ஓடுகிற நெல், அதுதான் இது, கயிற்றில் கனமே இல்லை, ஒரு கையை எடுத்துவிட்டுக்கூட நிற்கலாம், எடுத்துவிட்டாள், கரையில் சத்தம், மதகு வருகிறது, மதகு வந்துவிட்டது, மதகு போய்விட்டது!

திருப்பத்தில் சாமுவேலுக்குப் பழைய வழக்கம் கையில் வந்தது. மோட்டாரைக் கொஞ்சமே கொஞ்சம் தணித்தான். படகு இறங்கவில்லை. அலறல் போய் ரீங்காரம் வந்தது. ஒரு கையால் எட்டி, அம்மாள் காலி செய்த பின்பலகையருகே இருந்த டின்னை ஆட்டிப் பார்த்தான்.

"அம்மா! அவ்வளவா குடிக்கலம்மா! மேல ஏறிட்டா குடிக்க மாட்டேங்குதும்மா! நடுவுல தத்தளிக்கும்போதுதான் குடிச்சிருக்குது!"

பெரியநாயகி அம்மாள் கேட்டாளோ என்னவோ. காற்று அவள் குடையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அவள் அதைக் கண்ணெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது ஜெயம்மாளை. கறுப்புக் குடை தலைக்கு மேலே பறந்து போக, ஜெயம்மாள் லேசாகக் குனிந்து, நிமிர்ந்து, நின்றாள். விழவில்லை. இந்தத் தடவை சிரிக்க யாரும் விழ வேண்டியிருக்கவில்லை.

கலங்கல் மேட்டில் பரமசிவம் வாயை மூடிவிட்டான். அதற்குப் பதில் சோடாவைத் திறந்தான். ஒன்று, இன்னொன்று, பெட்டியிலிருந்த அத்தனையும். கோலிகள் டொப் டொப்பென்று இறங்கின. "காசு யாரு கேட்டா? குடிங்கய்யா!" என்று கத்தினான். நெசவுக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். வர்ணக் கொம்பு மாடுகள் மிரண்டு எழுந்து நின்றன.

கலங்கலுக்கு நேராகப் படகு வந்தது. சாமுவேல் டின்னைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். சளக், சளக். அது அடிமட்டத்துச் சத்தம் இல்லை.

"மோட்டார் இருக்கட்டும்டா!" என்றாள் பெரியநாயகி அம்மாள், ஏரி முழுக்கக் கேட்க. "ஏரிக்கு நான் ஜமீன்தான்!"

7

முடிவு மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஜெயம்மாள் கயிற்றை விட்டுவிட்டு, வழுக்கிக்கொண்டே வந்து, கரையோரத்தில் தண்ணீரில் இறங்கி நிற்கிறாள். எல்லோரும் ஓடி வந்து—

(அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் இறங்கிவிடுகிறாள். நாளைக்குக் களம் இருக்கிறது. இன்றைக்கே ஏன் இறக்க வேண்டும்?)

இரண்டு: பல வருஷம் கழித்து ஒரு பழைய மில்லுக்குப் பின்னால் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது. அதற்கடியில் கோழிகள்—

(அப்படி ஒரு படகை நான் நிஜமாகவே பார்த்தேன். பார்த்தால் என்ன? அது வேறு படகு. என் கதைக்குள் அதை விட மாட்டேன்.)

மூன்றாவதை எழுதி முடிக்கவில்லை. அதில், கரைக்கு வர வேண்டிய ஜெயம்மாள் கயிற்றை விடவே இல்லை. வெறும் கையை உயரத் தூக்கி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுகிறாள். களத்தில் ஒரு கோடிக்குப் போய்ச் சேர்ந்ததும் 'திரும்பி இன்னொரு நடை' என்று காட்டுகிற அதே சைகை. பெரியநாயகி அம்மாளுக்குப் புரிகிறது. அவளும் கையைத் தூக்கி வட்டம் போடுகிறாள். சாமுவேல் டின்னைப் பார்க்கிறான். இன்னொரு சுற்றுக்குத் தாங்குமா, தாங்காதா?

எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நான் முற்றுப்புள்ளி வைத்தால் மோட்டார் நின்றுவிடும், பலகை அமிழ்ந்துவிடும். அதனால் ஸ்டீயரிங்கை உங்கள் கையில் கொடுக்கிறேன். அவள் நிற்கிறாள், கண்ணுகளா. கயிறு இறுக்கமாக இருக்கிறது. டின்னில் சத்தம் கேட்கிறது. பழசை எல்லாம் பின்னால் ஏற்றாதீர்கள். வெட்கப்படாமல் முன்னால் வந்து உட்காருங்கள். ஊர் பார்க்கட்டும்.

அமுக்குங்கள்.